கஞ்சிலுக்கு ஜப்பான் மீட்டர்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பெரொடுவா கஞ்சில் என்கிற சின்ன கார் இன்னும் நிறைய ஓடுகிறது. தோட்டத்து ரோட்டில் செம்பனை லோரி எதிரே வந்தால் ஓரம் ஒதுங்க வசதி, எண்ணெய் அதிகம் குடிக்காது, எந்தப் பட்டறையிலும் தயங்காமல் கை வைப்பார்கள். 1994-இல் வந்த வண்டி, 2009-இல் தயாரிப்பு நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே பதினைந்து வயசு தாண்டிவிட்டது. எஞ்சின் நன்றாக இருக்கும், சுற்றியுள்ளது ஒவ்வொன்றாகப் போகும். என் தங்கச்சியின் 1999 மாடல் கஞ்சில் 850-இல் போனது மீட்டர், அதாவது டேஷ்போர்டில் முள்ளும் விளக்கும் இருக்கும் கூடு.

ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் ஸ்பீட் முள் ஆட ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டினால் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையே தாளம் போடும். பிறகு ஓடிய தூரத்தை எண்ணும் ஓடோமீட்டர் நின்றது. அதற்கப்புறம் எண்ணெய் முள் 'இ'-க்குக் கீழே படுத்தது, எழவே இல்லை. அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளிக்கூடம் தோட்டத்துக்கு உள்ளே இருக்கிறது, வழியில் பெட்ரோல் ஸ்டேஷன் ஒன்றும் கிடையாது. "அண்ணே, டேங்கியைத் தட்டிப் பார்த்தா எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு தெரியுமா?" என்று அவள் கேட்ட பிறகுதான் நானும் இதைக் கையில் எடுத்தேன்.

நான் பாம் ஆயில் மில்லில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். கார் என் தொழில் இல்லை. ஆனால் மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், எங்கள் ஊர் வயர்மேன் அண்ணனோடு பழக்கமும் உண்டு. ஜப்பான் மீட்டர் வாங்கி மாட்ட நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஏன் ஜப்பான் மீட்டர்? கஞ்சில் என்பது டைஹட்சு மீரா எல்200-இன் நம்ம ஊர்ப் பதிப்பு. அந்த மீரா ஜப்பானில் 660 சிசி கேய் கார், அதாவது அங்குள்ள சின்ன கார் ரகம். ஜப்பானில் ஓடி முடித்த வண்டிகளை டேஷ்போர்டுக்குப் பின்னால் அறுத்து, முன் பாதியைக் கன்டெய்னரில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதுதான் ஹாஃப்கட். எஞ்சின், கியர்பாக்ஸுக்காகத்தான் முக்கியமாக வாங்குகிறார்கள், கூடவே மீட்டரும் வந்துவிடும். ஈப்போ ஹாஃப்கட் கடைகளில் மேல் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளூர்க் கஞ்சில் மீட்டர் பழசாகக் கிடைத்தாலும் அதுவும் நம்ம வண்டி அளவுக்கே அடிபட்டிருக்கும். ஜப்பானில் கிலோமீட்டர்தான், வலது பக்க ஸ்டீயரிங்தான், அதனால் அளவிலும் சிக்கல் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த மீட்டர் என்றால் மைல் கணக்கு வேறு இடிக்கும்.

வாங்கப் போவதற்கு முன் வயர்மேன் அண்ணன் ஒன்று சொன்னார். "தம்பி, முள்ளு மூணும் ஒரே கூட்டுக்குள்ள இருக்குன்னு நோவும் ஒண்ணுன்னு நினைக்காத. ஒவ்வொண்ணும் வேற வேற எடத்துல இருந்து சேதி வாங்குது." உண்மைதான். ஸ்பீட் முள்ளுக்கு கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வருகிறது. எண்ணெய் முள்ளுக்கு டேங்கியில் மிதவை. சூட்டு முள்ளுக்கு எஞ்சினில் ஒரு சென்சார். மீட்டர் கூட்டில் இருப்பது பாதி, மறு பாதி வண்டியில் எங்கேயோ இருக்கிறது. எந்தப் பாதி போயிருக்கிறது என்று பார்க்காமல் காசைக் கொட்டக் கூடாது.

முள் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் கேபிள்தான். உள்கம்பியை உருவிப் பார்த்தேன். கறுப்பாக, உலர்ந்து, சில இடத்தில் துரு. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கியர்பாக்ஸ் பக்கத்து மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெலிசாக கிரீஸ் தடவினேன். மீட்டர் பக்கம் தடவக் கூடாது. கம்பி சுழலச் சுழல கிரீஸ் மேலே ஏறி மீட்டருக்குள் போய்விடும், அப்புறம் முள் பிசுபிசுத்துப் போகும். திரும்ப மாட்டியதும் ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. உங்கள் வண்டியில் முள் ஆடுவது மட்டும்தான் குறை என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கப் போகலாம்.

ஓடோமீட்டர் மட்டும் கேபிள் சரியான பிறகும் நகரவில்லை. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. எண்ணெய் முள்ளுக்கு, டேங்கி மிதவையின் வயரைக் கழற்றி அதன் மின்தடையை, அதாவது ஓம் அளவைப் பார்த்தேன். ஐந்து லிட்டர் ஊற்றினால் அளவு மாறியது, அதாவது மிதவைக்கு உயிர் இருக்கிறது. ஆக முள்தான் செத்திருந்தது. இரண்டு குறை மீட்டருக்குள்ளேயே என்று தெரிந்த பிறகுதான் ஈப்போவுக்குப் போனேன்.

கடை முதலாளி தவுக்கே இரண்டு மீட்டரை எடுத்துப் போட்டார். ஒன்று பார்க்கவே ஜோராக இருந்தது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் பெரிய ஆர்பிஎம் வட்டத்தோடு. "பொடியனுங்க எல்லாம் இதத்தான் கேக்குறான், தம்பி," என்றார். அரைகுறைத் தமிழ்தான் என்றாலும் வியாபாரத் தமிழில் குறையே இல்லை. எந்த எஞ்சினிலிருந்து கழற்றியது என்று கேட்டேன். அடுத்த தலைமுறை மீரா எல்5-இன் ஜேபி-ஜேஎல் என்கிற டர்போ எஞ்சின். நாலு சிலிண்டர். மற்றது எல்2, அதாவது நம்ம எல்200 வரிசை டர்போவுடையது, மூன்று சிலிண்டர். அது கொஞ்சம் மங்கல், கண்ணாடியில் கீறல்.

மங்கலானதைத்தான் எடுத்தேன். காரணம் கணக்கு. ஆர்பிஎம் முள் எஞ்சின் சுற்றை நேரடியாக எண்ணுவதில்லை, இக்னிஷன் காயில் எத்தனை முறை பொறி அடிக்கிறது என்பதைத்தான் எண்ணுகிறது. நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. கஞ்சில் 850 மூன்று சிலிண்டர், ஒரு சுற்றுக்கு ஒன்றரை. நாலு சிலிண்டர் மீட்டரை மூன்று சிலிண்டர் எஞ்சினில் மாட்டினால் முக்கால் பங்குதான் காட்டும். எஞ்சின் 4,000-இல் கத்திக்கொண்டிருக்கும், முள் 3,000 என்று சமாதானம் சொல்லும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பையன் இப்படி மாட்டிக்கொண்டு, "எஞ்சின் ரொம்ப ஸ்மூத், அங்கிள்" என்று திரிகிறான். தவிர, எல்5 மீட்டரின் கூடு வேறு தலைமுறை டேஷ்போர்டுக்கானது. நம்முடையதில் அப்படியே உட்காராது, அறுத்து ஒட்ட வேண்டும். ஆசிரியை ஓட்டும் வண்டியில் அந்த வேலை எனக்குச் சரிப்படவில்லை.

விலை 150 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார், 120-க்கு முடிந்தது. பிளக்கையும் வயரோடு ஒரு சாண் வெட்டித் தரச் சொல்லி வாங்கினேன். இதை யாரும் மறக்கக் கூடாது. வண்டியின் வயரைத் தொடாமல் வேலை பார்க்க அந்த ஒரு சாண் வயர்தான் உதவும்.

வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் பேப்பர் விரித்து, பழைய மீட்டர், புது மீட்டர் இரண்டையும் குப்புறப் போட்டேன். முதுகுப் பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் மேல் செம்புக் கோடுகள் ஓடும். ஒவ்வொரு பல்பிலிருந்தும் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து, பிளக்கில் எந்தப் பின்னில் போய் முடிகிறது என்று பார்த்து, மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்து உறுதி செய்து, தாளில் எழுதினேன். ஆயில் விளக்கு, பேட்டரி விளக்கு, ஹை பீம், சிக்னல் இரண்டு, ஹேண்ட்பிரேக், எண்ணெய், சூடு, இக்னிஷன் கரண்ட், பார்க்கிங் லைட் கரண்ட், எர்த். பழைய மீட்டருக்கு ஒரு பட்டியல், புதுசுக்கு ஒன்று. பிளக்கின் உருவம் ஒன்றுபோல இருந்தது. ஆனால் இரண்டு பின் இடம் மாறியிருந்தது. பிளக் பொருந்துகிறதே என்று அப்படியே குத்தியிருந்தால் என்ன ஆகும் என்பது எந்தப் பின் மாறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நல்ல காலமாக இருந்தால் ஒரு விளக்கு எரியாது. பார்க்கிங் லைட் கரண்ட் எர்த்தில் போய் நின்றால் பியூஸ் போகும். இல்லாவிட்டால் அந்த மெல்லிய செம்புக் கோடே பியூஸாக எரிந்துவிடும், அதைத் திரும்ப ஒட்டுவது பெரும்பாடு.

இடம் மாறிய வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்ற வேண்டியதில்லை. பிளக்கின் வாயில் மெல்லிய ஊசி விட்டால் ஒவ்வொரு பின்னையும் பிடித்திருக்கும் சிறு நாக்கு விலகும், பின் பின்பக்கமாக வந்துவிடும். கொண்டுவந்த ஒரு சாண் வயரில் பின்களை இடம் மாற்றி ஒரு இணைப்புத் துண்டாகச் செய்தேன். நாளைக்குப் பழைய மீட்டரே வேண்டும் என்றாலும் அந்தத் துண்டை உருவினால் போதும்.

ஜப்பான் மீட்டரில் நமக்குத் தேவையில்லாத விளக்கும் இருக்கும். என் கைக்கு வந்ததில் புகைக்குழாய்ச் சூட்டு விளக்கு ஒன்று, ஜப்பானிய எழுத்தோடு. அங்கே ஒரு காலத்து வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதிகம் சூடானால் எச்சரிக்க வைத்தது. கார்பரேட்டர் கஞ்சிலில் அதற்கு வயரே கிடையாது. விட்டுவிட்டேன்.

மாட்டுவதற்கு முன் ஸ்பீட் முள்ளை மேசையிலேயே சோதித்தேன், டிரில்லை வைத்து. ஜப்பான் மீட்டர்களுக்கு ஒரு பொது அளவு உண்டு: கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றினால் முள் 60 கிலோமீட்டர் காட்ட வேண்டும். வேறு ஒரு பழைய கேபிளின் சதுர நுனித் துண்டை டிரில்லில் மாட்டி, முதலில் கையால் திருகி எந்தத் திசையில் முள் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக அழுத்தினேன். டிரில் வேகத்தை அளக்க மில்லிலிருந்து சுற்று எண்ணும் கருவியை இரவல் வாங்கியிருந்தேன். 637-க்குப் பக்கத்தில் முள் 60-ஐக் கொஞ்சம் தாண்டி நின்றது, ஓடோமீட்டரும் உருண்டது. தங்கச்சி மகன் பக்கத்தில் நின்று "மாமா, இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று ஒரே உற்சாகம். வட்டம் 140-இல் முடிந்துவிடும். ஜப்பானில் கேய் கார்களுக்கு அவ்வளவுதான். நம்ம நெடுஞ்சாலையில் 110, கஞ்சில் 850 அதையே யோசித்துத்தான் தொடும்.

ஸ்பீட் முள்ளும் ஓடோமீட்டரும் ஒரே கேபிளில் ஓடினாலும் வேலை செய்யும் விதம் வேறு. ஓடோமீட்டர் பல்சக்கரம், சுற்றியதை அப்படியே எண்ணும். முள் இருக்கும் பக்கம் காந்தம் ஒன்று அலுமினியக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. கிண்ணம் அதனோடு இழுபடப் பார்க்கும், மெல்லிய ஸ்பிரிங் பிடித்து நிறுத்தும். ஸ்பிரிங் தளர்ந்தால், அல்லது யாராவது முள்ளைப் பிடுங்கித் தப்பாகக் குத்தினால், தூரம் சரியாக வரும், வேகம் தப்பாக வரும். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்வது அதனால்தான். தூரத்துக்கு நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் பலகைகள். பத்து கிலோமீட்டர் ஓடி ஒப்பிட்டால் போதும். வேகத்துக்குக் கைப்பேசி ஜிபிஎஸ், நேர் ரோட்டில், தங்கச்சி ஓட்ட நான் பார்த்தேன். ஜிபிஎஸ் 80 காட்டும்போது முள் 84. இது நல்ல கணக்கு. ஐநா விதி 39-இன்படி மீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் மேலே நாலு கிலோமீட்டரும் வரை. 80-க்கு 92 வரை தாராளம்.

தூரம் தப்பாக வந்தால் மீட்டரைத் திட்டுவதற்கு முன் டயரைப் பாருங்கள். 145/70 பன்னிரண்டு அங்குல டயரைக் கழற்றி 155/70 மாட்டினால் சக்கரம் கிட்டத்தட்ட 2.8 சதவீதம் பெரிதாகிவிடும், மீட்டர் அவ்வளவு குறைத்துக் காட்டும். எந்த மீட்டரை மாட்டினாலும் அந்தத் தப்பு அப்படியே இருக்கும்.

ஆர்பிஎம் முள்ளுக்கு வண்டியில் வயர் கிடையாது, ஏனென்றால் இந்த 850-க்கு அந்த முள்ளே இல்லை. காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு வயர் இழுக்க வேண்டும். 12 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது அந்த முனையில் நொடிக்குப் பலமுறை நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும். நல்ல தடிப்பான உறை உள்ள வயர், சுவரைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம், கார்பரேட்டரிலிருந்தும் புகைக்குழாயிலிருந்தும் விலகிய பாதை. அந்த வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் ஷார்ட், வண்டி நடு ரோட்டில் அப்படியே நின்றுவிடும்.

முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் போதும், அதிக வோல்ட் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். மூன்று சிலிண்டருக்கு ஹெர்ட்ஸை 40-ஆல் பெருக்கினால் ஆர்பிஎம். நாலு சிலிண்டருக்கு 30. எங்களுடையது 22 ஹெர்ட்ஸ், அதாவது 880. முள் 900-க்குக் கொஞ்சம் கீழே நின்றது. வட்டத்தில் உள்ள சிவப்புக் கோட்டை மட்டும் நம்பாதீர்கள். அது 660 டர்போ எஞ்சினுக்குப் போட்ட கோடு. 850-ஐ அந்த அளவுக்கு முறுக்க எந்த அவசியமும் இல்லை. நான் 5,000-இல் சின்னதாகச் சிவப்பு டேப் ஒட்டிவிட்டேன்.

எண்ணெய் முள்ளில்தான் அதிக நேரம் போனது. வெளிநாட்டு மீட்டர் மாட்டுகிறவர்கள் அடிபடும் இடமும் இதுதான். டேங்கி மிதவை ஒரு ரெசிஸ்டர்தான். காலியில் இத்தனை ஓம், நிறைந்தால் இத்தனை. அந்த அளவு ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அமெரிக்கப் பாணி முள் காலியில் 240, நிறைந்தால் 33 எதிர்பார்க்கும். ஐரோப்பியப் பாணியில் காலி 10, நிறைவு 180, அதாவது தலைகீழ். அந்த இரண்டையும் கலந்தால் டேங்கி நிறைய நிறைய முள் காலியைக் காட்டும். ஜப்பான் வண்டிக்கு ஜப்பான் மீட்டர் என்பதால் திசை சரியாகத்தான் இருக்கும், ஆனால் அளவு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வண்டியை முடிந்த அளவு காலியாக்கி, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் குறித்தோம். இந்த வகை முள் சாவி போட்டதும் மெதுவாகத்தான் ஏறும், உள்ளே இருக்கும் பட்டை சூடாகி வளைந்து நகர்த்துகிறது. அது அடங்கும் வரை பொறுக்க வேண்டும். மேல் பாதி அச்சாக வந்தது. கீழே மட்டும் முள் கொஞ்சம் தாராளமாகக் காட்டியது, கால் டேங்கி என்று சொல்லும்போது உண்மையில் அதைவிடக் குறைவு. "கால் கோட்டுக்கு வந்தா ஊத்திடு, அதுக்குக் கீழ முள்ளோட பேச்சைக் கேக்காத," என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் எப்போதும் அரைக்கே ஊற்றுகிறவள், அது வேறு கதை.

சூட்டு முள்ளில் கவனம் தேவை, இதில் தப்பு வந்தால் எஞ்சின் தலையே வளைந்துவிடும். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் இன்ஃப்ராரெட் கருவியால் சூடு பார்த்து, அந்த நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பதிந்துகொண்டேன். பிறகு மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் ஏர்கோன் போட்டு ஓட்டினோம். முள் நடுவுக்குக் கீழே நின்றது, அசையவில்லை.

விளக்குகள் பற்றி ஒன்று. பையன்கள் மீட்டரைக் கழற்றினாலே எல்லா பல்பையும் எடுத்துவிட்டு நீல எல்இடி போடுகிறார்கள். வெளிச்சத்துக்கான பல்புக்குப் போடலாம், கண் கூசாவிட்டால். பேட்டரி விளக்கை மட்டும் தொடாதீர்கள். பழைய ஆல்டர்னேட்டர் பலவற்றில் அந்த பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்பிவிடுகிறது. எல்இடி அந்த அளவு கரண்டை விடாது. ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் ஏறாது, எஞ்சினை ஒரு தடவை முறுக்கினால்தான் ஏறும். பேட்டரி செத்துப்போச்சு என்று புது பேட்டரி வாங்கினவர்களும் உண்டு.

மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஆயில், பேட்டரி இரண்டும் எரிய வேண்டும். ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தால் அதுவும். ஸ்டார்ட் ஆனதும் ஆயிலும் பேட்டரியும் அணைய வேண்டும். ஆயில் விளக்கு முதலிலேயே எரியவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். பல்பு இல்லாத ஆயில் விளக்கு நல்ல பிள்ளை மாதிரி சும்மாவே இருக்கும், எஞ்சின் கட்டிக்கொள்ளும் வரை.

ஓடோமீட்டர் எண் விஷயம். பழையது இரண்டு லட்சத்து சொச்சத்தில் நின்றது. ஜப்பான் மீட்டரில் எழுபதாயிரம்கூட இல்லை. இரண்டையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து, தேதியோடு சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, நானும் வயர்மேன் அண்ணனும் கையெழுத்துப் போட்டோம். எஞ்சின் ஆயில் கணக்கும் டைமிங் பெல்ட் கணக்கும் இனிமேல் புது எண்ணிலிருந்து என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறோம். பெல்ட் எப்போது மாற்றியது என்பது பழைய எண்ணில்தான் இருந்தது, அதைக் கழித்துப் புது எண்ணுக்கு மாற்றி எழுதினேன். வண்டியை விற்கும்போது இந்தப் பக்கத்தைக் காட்டியே ஆக வேண்டும். குறைந்த எண்ணைக் காட்டி விற்பது 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தில் மாட்டும் விவகாரம். சட்டமே இல்லாவிட்டாலும், வாங்குகிறவன் பெல்ட் அறுந்து ரோட்டில் நிற்பான்.

பக்கத்து வீட்டு அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, தன் பெரொடுவா மைவி காருக்கும் ஜப்பானின் டொயோட்டா பாஸ்ஸோ மீட்டர் பார்த்துத் தரச் சொன்னார். முடியாது என்றேன். அந்தக் காலத்து வண்டியில் கேபிள் இல்லை, ஸ்பீட் சென்சார் துடிப்பாக அனுப்புகிறது, கிலோமீட்டர் எண் சிப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. செம்புக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து கண்டுபிடிக்கிற வேலை அங்கே பாதிக்கு மேல் செல்லாது. அவரை வயர்மேன் அண்ணனிடம் அனுப்பினேன். அண்ணன் முதலில் அந்த வண்டியின் மீட்டர் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறார். இப்போதைக்கு அதிலேயே ஓடுகிறதாம்.